கம்பெனியைத் திட்டாத மனிதர்

எங்கள் ஊரில் கம்பெனியைத் திட்டாமல் ஒரு டீ குடித்து எழுந்திருக்க முடியாது. தங்கச் சுரங்கத்தை மூடி எத்தனையோ வருஷமாகிவிட்டது. ஆனாலும் ஒழுகுகிற குவார்ட்டர்ஸ் கூரைக்கும், தங்கத்தைப் பிரித்தெடுத்த பின் கொட்டிய மண் குவிந்து நிற்கிற சைனைடு மலையிலிருந்து, காற்றடித்தால் சோற்றில் வந்து விழுகிற தூசிக்கும், விடியும் முன்னே பெங்களூர் ரயிலைப் பிடிக்க ஓடுகிற பிழைப்புக்கும் கம்பெனிதான் காரணம். பென்ஷன்காரர்கள் திட்டுவார்கள். சுரங்கத்தைக் கண்ணால் பார்த்திராத பிள்ளைகளும் திட்டுவார்கள். நான் அண்ணா என்று கூப்பிடுகிற அவர் ஒருவர்தான் திட்டமாட்டார். பேச்சு அந்தப் பக்கம் திரும்பியதும் டீ கிளாஸைப் பாதியில் வைத்துவிட்டு, "சரி, வேலை கீது" என்று எழுந்துவிடுவார்.

கம்பெனி என்ற சொல்லைச் சொல்லும்போதே அவர் குரல் கொஞ்சம் தாழும். எந்தக் கம்பெனியானாலும் சரி, கேஸ் கம்பெனி, செல்போன் கம்பெனி, பேதி மாத்திரை கம்பெனி. "கம்பெனின்னா ஒரு மொறை இருக்கும்மா. மனுசனுக்குத்தான் மொறை இல்ல" என்பார்.

நான் அவரோடு வேலை பார்த்தது ஒரு வீடியோ கேம் ஸ்டுடியோவில். ஸ்டுடியோ என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஊரிலேயே நந்திதுர்க் பக்கம், துருப்பிடித்து நிற்கிற சுரங்க ஷாஃப்ட் கோபுரத்துக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு பழைய பங்களாவின் பின்பகுதியை அவர் வாடகைக்கு எடுத்திருந்தார். மழை வந்தால் கம்ப்யூட்டர்களை நகர்த்த வேண்டும். ஐம்பதை நெருங்கிய மனிதர், ஆனாலும் தினமும் இஸ்திரி போட்ட சட்டையை உள்ளே விட்டு, பாலிஷ் பளபளக்கும் ஷூவோடு வருவார். சொந்த ஸ்டுடியோவில் எதற்கு இந்த வேஷம் என்று சவுண்டு வேலை பார்த்த டேவிட் கேட்டான்.

"திடீர்னு கம்பெனி வீடியோ கால்ல வந்தா?"

வீடியோ காலில் ஷூ தெரியாது என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

அந்தக் கம்பெனி வெளிநாட்டில் இருந்தது. டிவியோடு இணைத்து விளையாடுகிற கன்சோல் செய்கிறவர்கள். அவர்கள் கன்சோலில் மட்டும் ஓடும்படி நாங்கள் ஒரு கேம் செய்து தர வேண்டும். ஒவ்வொரு கட்டமும் அவர்களுக்குத் திருப்தியானால் அடுத்த கட்டத்துக்குப் பணம் வரும். கடையில் கிடைக்காத, கேம் செய்கிறவர்களுக்கென்றே தருகிற ஒரு கன்சோலையும் அனுப்பியிருந்தார்கள். அதை அவர் பெட்டி என்றுதான் சொல்வார். தூசி படாமல் மெல்லிய வேட்டித் துணி போட்டு மூடி வைப்பார். ஆயுத பூஜையன்று அதற்குச் சந்தனம் தடவப் போனபோது, "காத்து போற ஓட்டை அடச்சிக்கப் போவுதுண்ணா" என்று நான் கையைப் பிடித்துக்கொண்டேன். சந்தனக் கிண்ணத்தைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

கேமின் கதை அவருடையது. தலையில் லாம்பு கட்டிய ஒரு சின்னப் பெண், மூடிப்போன சுரங்கத்துக்குள் தன் அண்ணனைத் தேடி ஒவ்வொரு லெவலாக இறங்கிப் போகிறாள். மேலே வெள்ளை வெள்ளையாக மணல் மலைகள். கீழே ஆட்களை இறக்குகிற கேஜின் சத்தம், சொட்டுகிற தண்ணீர், பாறை முனகுவது. எல்லாம் நாங்கள் வீட்டில் கேட்டு வளர்ந்தவைதான். செய்து முடித்தால் இது யாருக்குச் சொந்தம் என்று ஒருநாள் அவரிடம் கேட்டேன்.

"கம்பெனிக்கு."

"கதை, அந்தப் பொண்ணு, ஊரு எல்லாமேவா?"

"எல்லாம்."

"நாம செஞ்சதாச்சேண்ணா?"

அவர் உண்மையிலேயே புரியாமல் என்னைப் பார்த்தார். "இன்னாம்மா கேக்கற? தங்கத்த வெட்டுனவன் வூட்டுக்கா எடுத்துனு போனான்?"

அதைக் குறையாகச் சொல்லவில்லை. பெருமையாகச் சொன்னார்.

என்னை அவர் பிடித்தது ரயிலில். நான் பெங்களூரில் ஒரு கேம் கம்பெனியில் புரோகிராமர். காலையில் போய் இருட்டிய பிறகு வீடு வருகிற வாழ்க்கை. வீட்டில் நைனாவுக்கு நுரையீரல் முழுக்கச் சுரங்கத் தூசி. ஆக்சிஜன் மெஷினோடு கட்டிலில் உட்கார்ந்தபடியேதான் தூங்குவார். அம்மாவுக்கு மெஷின் என்றாலே பயம். அன்று உட்கார இடமில்லாமல் நிற்கிற கூட்டத்தில் என் பக்கத்தில் நின்றுகொண்டு அவர் கேட்டார்: "ஊர்லயே இதே வேலை இருந்தா வருவியாம்மா? மதியம் வூட்டுக்குப் போய் நைனாவுக்குச் சோறு போட்டுட்டு வரலாம்."

சம்பளத்தைப் பற்றி நான் கேட்கக்கூட இல்லை. மதியம் வீட்டுக்குப் போகலாம் என்பதே போதுமாக இருந்தது.

வீட்டுக்கு அவரும் அடிக்கடி வருவார். நைனாவை மாமா என்று கூப்பிடுவார். இரண்டு பேரும் ஒரே லைன் குவார்ட்டர்ஸ்காரர்கள். வந்து உட்கார்ந்தால் எப்போதும் ஒரே கதைக்குத்தான் வந்து நிற்பார். சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, புதர் மூடிக் கிடந்த ஒரு பழைய குழிக்குள் விழுந்துவிட்டாராம். அவரைத் தூக்க கம்பெனி ஒரு ஷிஃப்டையே நிறுத்தியதாம். "ஒரு கூலிக்காரன் புள்ளைக்காக! எந்தக் கம்பெனி செய்யும்?" என்று கேட்கும்போது கண் கலங்கிவிடும். டேவிட்டுக்கு இந்தக் கதை மனப்பாடம். ஊரில் பாதிப்பேருக்கு மனப்பாடம்.

நைனா பல தடவை கேட்டுவிட்டுச் சும்மா இருந்தவர், ஒருநாள் மூக்கிலிருந்த குழாயைத் தள்ளிவிட்டுப் பேசினார். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்க வேண்டும்.

"எவன்டா நிறுத்தினான் ஷிஃப்ட? நானும் உங்க அப்பனும்… இன்னும் ரெண்டு பேரும்… கேஜுல ஏறாம ஓடியாந்தோம். மேஸ்திரி போவாதன்னான். போனோம். கயித்தக் கட்டினு நான்தான்டா எறங்கினேன். அன்னிக்குக் கூலி புடிச்சான். உங்க அப்பனுக்கு மெமோ குடுத்தான். கம்பெனியாம்!"

அவர் முகத்தை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். உடைந்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் குனிந்து குழாயை எடுத்து நைனாவின் மூக்கில் சரியாகப் பொருத்தினார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"இருந்தாலும் அந்தக் கயிறு கம்பெனி கயிறுதானே மாமா?"

நைனா சிரித்துவிட்டார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க வெகுநேரம் ஆனது. அவர்தான் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். அடுத்த வாரமும் வந்தார். அதே கதையைச் சொன்னார், ஷிஃப்டை நிறுத்தியதையும் சேர்த்து.

கம்பெனி சார்பில் எங்களோடு பேசுகிறவர் ஹன்னா என்ற பெண்மணி. நல்லவர். ஒருமுறை இவ்வளவு தூரம் பயணம் செய்து ஊருக்கே வந்தார். அவர் ஹன்னாவைச் சைனைடு மலைமேல் ஏற்றி ஊரைக் காட்டினார். பேத்தமங்களா ஏரிக்கரையில் மீன் வறுவல் வாங்கிக் கொடுத்தார். எங்கள் வீட்டுக்கும் கூட்டிவந்தார். நைனாவின் மூச்சைக் கேட்ட ஹன்னா, கேமில் அந்தப் பெண் இருட்டில் முதலில் கேட்கிற சத்தம் இதுவாக இருக்கட்டும் என்றார். டேவிட் மைக்கோடு வந்து பதிவு செய்தான். நைனாவுக்கு ஒரே பெருமை. "நல்லா இழுக்கட்டுமா?" என்று கேட்டார். கிளம்பும்போது ஹன்னா எல்லோரையும் கட்டிக்கொண்டு, இனி நாமெல்லாம் ஒரே குடும்பம் என்றார்.

வெளிநாட்டுக்காரர்கள் அப்படிச் சொல்வார்கள் என்று எங்களுக்குத் தெரியும். அவருக்குத் தெரியவில்லை. கேட்டதை அப்படியே உள்ளே வைத்துக்கொண்டார். ஹைதராபாத்தில் ஒரு கம்பெனி எங்களில் பாதிப்பேருக்கு வேறு வேலை தரத் தயாராக இருந்தது. டேவிட் அலைந்து பிடித்து வந்த வேலை. ஹன்னாவிடமிருந்து பதில்கள் தாமதமாக வரத் தொடங்கியிருந்த சமயம் அது. டேவிட் கெஞ்சினான்: "ஒரு கால அங்க வெச்சிக்கலாம்ணா. இவங்க வுட்டுட்டா நிக்கறதுக்கு எடம் வேணாமா?"

"குடும்பம்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க டேவிட்டு. நாம பின்பக்கமா வேற எடத்துல கைய நீட்னா, அவங்க இன்னா நெனப்பாங்க?"

"அவங்க நம்மள நெனக்கவே மாட்டாங்கண்ணா."

அவர் டேவிட்டைக் கோபமாகப் பார்த்த ஒரே தடவை அது. அந்த ஹைதராபாத்துக்காரர்களுக்கு அன்றைக்கே போன் செய்து, எங்களுக்குக் கம்பெனி இருக்கிறது என்று சொல்லிவிட்டார்.

பிறகு ஒரு காலை வேளையில் அந்த வீடியோ கால் வந்தது. திரையில் ஹன்னா இல்லை. நாங்கள் பார்த்திராத ஒரு ஆள். முகம் சாதுவாக இருந்தது. கம்பெனியின் திட்டங்கள் மாறிவிட்டன, வெளியிலிருந்து கேம் செய்கிறவர்களோடு இருக்கும் பல ஒப்பந்தங்களை முடித்துக்கொள்கிறோம், உங்களுடையதும் அதில் ஒன்று, உங்கள் உழைப்புக்கு நன்றி. அவ்வளவுதான். அந்த ஆள் பேசத் தொடங்கியதுமே அவர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். பேசி முடிக்கும்வரை நின்றார். திரையில் அவர் வயிறும் பெல்ட்டும் மட்டும்தான் தெரிந்தன. கடைசியில், "தேங்க்யூ சார்" என்றார். ஹன்னா மேடம் எங்கே என்று கேட்டார். அவர் இப்போது கம்பெனியில் இல்லை என்று பதில் வந்தது.

கால் முடிந்ததும் எங்கள் பக்கம் திரும்பினார். "பாவம் ஹன்னா மேடம். ரெண்டு சின்னப் பசங்க" என்றார்.

டேவிட் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் எறிந்தான். "நம்ம கதி இன்னாண்ணா?"

"கூப்புடுவாங்க. இவ்ளோ வேலைய அப்படியே வுட்டுடுவாங்களா? எதனா உள்ள கொழப்பம் இருக்கும். தீந்ததும் கூப்புடுவாங்க."

ஒருவர் பின் ஒருவராகக் கிளம்பினோம். அவர் மட்டும் ஷூ போட்டுக்கொண்டு தினமும் பங்களாவுக்குப் போனார். பெட்டியை ஆன் செய்து, அந்தப் பெண்ணைக் கொஞ்ச தூரம் நடத்திப் பார்த்துவிட்டு அணைப்பாராம். அவர் மனைவி சாந்தி அக்கா பள்ளிக்கூட டீச்சர். அக்கா சம்பளத்தில்தான் வீடு ஓடியது. பெட்டியைத் திருப்பி அனுப்பும்படி கம்பெனியிலிருந்து செய்தி வந்தபோது என்னை உதவிக்குக் கூப்பிட்டார். பெயின்ட் பிரஷ்ஷால் ஒவ்வொரு இடுக்காகத் தூசி தட்டினார். வயர்களைச் சுற்றித் தனித்தனியாக முடிந்தார். டேப்பில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. கூரியர்காரன் அட்டைப்பெட்டியைத் தூக்கி வண்டிக்குள் போட்ட சத்தத்துக்கு, "மெதுவா, மெதுவாப்பா!" என்று தெரு முனைவரை பின்னாலேயே ஓடினார்.

நான் மறுபடியும் ரயிலுக்குப் போனேன். ஒருநாள் ரயில் பங்காருப்பேட்டை தாண்டியதும் அம்மாவின் போன் வந்தது. வீட்டில் கரண்ட் இல்லை. மெஷின் நின்றுவிட்டது. மாற்று சிலிண்டரின் சாவியை அம்மாவால் திருப்ப முடியவில்லை. எந்தப் பக்கம் திருப்புவது என்று கேட்டாள். ரயில் சத்தத்தில் நான் கத்திச் சொன்னேன். பக்கத்தில் நின்றிருந்தவர்களும் சேர்ந்து கத்திச் சொன்னார்கள். சிக்னல் போய்விட்டது. மாலூரில் இறங்கி, எதிரில் வந்த ரயிலைப் பிடித்து நான் வீடு சேர்ந்தபோது நைனாவைத் தரையில் கிடத்தியிருந்தார்கள். கட்டில் பக்கம் சிலிண்டர் திறக்காமலே நின்றது.

எனக்கு முன்னால் அவர் வந்து எல்லாம் செய்துகொண்டிருந்தார். நாற்காலிக்குச் சொல்லியிருந்தார், எங்கள் புத்த விகாருக்கு ஆள் அனுப்பி பிக்குவை வரவழைத்திருந்தார். அம்மா வாயில் ஒரு மடக்கு தண்ணீராவது போக வைத்தவரும் அவர்தான். தூக்கும்போது முன்னால் தோள் கொடுத்தார். அடக்கம் முடிந்து வந்து வாசலில் உட்கார்ந்திருந்தோம். மெல்லச் சொன்னார்:

"கம்பெனி ஆஸ்பத்திரி மட்டும் இன்னிக்கு இருந்திருந்தா, மாமா உக்காந்துனு டீ குடிச்சினு இருப்பாரு."

"அவரு நெஞ்சுல இருந்த தூசி யாருதுண்ணா?" என்றேன். வாசலில் இருந்த எல்லோருக்கும் கேட்டது.

அவர் எழுந்து போய், காலியான பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கினார்.

அதன்பிறகு வெகுநாள் நான் அவரிடம் பேசவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே போன் செய்தார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "வந்துடிச்சிம்மா! நம்ம கேம் வந்துடிச்சி! வா, வா."

போனேன். டேவிட்டும் வந்திருந்தான். தவணையில் ஒரு கன்சோல் வாங்கி வைத்திருந்தார். அந்தக் கம்பெனி எங்கள் கேமை வேறு நாட்டு ஸ்டுடியோ ஒன்றிடம் கொடுத்து முடித்து வெளியிட்டிருந்தது. பெயரை மாற்றியிருந்தார்கள். அந்தப் பெண்ணின் முடி செம்பட்டையாகியிருந்தது. ஆனால் வெள்ளை மலைகள் அப்படியே இருந்தன. கேஜ் அப்படியே இறங்கியது. அவர் சின்னப்பிள்ளைபோலக் கையைத் தட்டினார். "பாரு பாரு, நீ எழுதின லாம்பு வெளிச்சம்! எப்டி ஆடுது பாரு!"

பெண் முதல் லெவலில் இறங்கினாள். இருட்டு. டிவியிலிருந்து நைனா மூச்சு விட்டார்.

இழுத்து, நின்று, மறுபடி இழுத்து. அம்மா இரவெல்லாம் விழித்துக் கேட்டுக்கொண்டிருந்த அதே மூச்சு. டேவிட் தலையைக் குனிந்துகொண்டான். அவர் என் பக்கம் திரும்பி, கண்ணில் தண்ணீரோடு சொன்னார்: "ஒலகம் பூரா கேக்குதும்மா மாமாவ."

சமையலறையிலிருந்து சாந்தி அக்கா வந்தார். அக்கா அதுவரை இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே இல்லை. "அத ஆஃப் பண்ணுங்க. இந்தப் பொண்ணு மூஞ்சிய பாருங்க மொதல்ல" என்று என்னைக் காட்டினார். அவர் பதறிப்போய் அணைத்தார்.

வரும் வழியிலேயே நான் இணையத்தில் பார்த்திருந்தேன். கேமின் முடிவில் ஓடுகிற பெயர்களில் நாங்கள் யாரும் இல்லை. அவரும் பார்த்திருந்தார். அவர் அதைப் பற்றிப் பேசவில்லை, நான்தான் கேட்டேன். "உங்களுக்குக் கோவமே வராதாண்ணா?"

ரிமோட்டைக் கையில் திருப்பிக்கொண்டே இருந்தார்.

"கோவப்பட்டா அப்பால யார்கிட்ட போறதும்மா?" என்றார். "கம்பெனின்னு ஒன்னு இல்லன்னா நாம யாரு? இந்த மண்ணுமேட்டு பக்கத்துல சும்மா கெடக்கற ஜனம். விழுந்தா ஏன்னு கேக்க ஆளு கெடயாது. எனக்கு அத நெனச்சாலே பயமா கீது."

அதுவரை அவரை ஏமாளி என்று நினைத்திருந்தேன். அன்று அப்படி நினைக்க முடியவில்லை. அதற்குப் பதிலாக என்ன நினைப்பது என்றும் தெரியவில்லை.

கடைசியாக அவரைப் பார்த்தது ராபர்ட்சன்பேட்டையில், காலையில். நான் ஸ்டேஷனுக்குப் போக ஆட்டோவுக்கு நின்றிருந்தேன். சாம்பல் நிறச் சீருடையில், கழுத்தில் அடையாள அட்டையோடு வந்தார். நெடுஞ்சாலையோரம் புதிதாக வந்த ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் வேலையாம். ஷூ அதே பளபளப்பு. இளைத்திருந்தார்.

"நல்ல கம்பெனிம்மா. கேன்டீன் கீது. பஸ்ஸு வந்து கூட்டினு போவும்" என்றார்.

சொல்லிக்கொண்டிருக்கும்போதே பஸ் வந்தது. கண்ணாடி ஜன்னல் வைத்த பெரிய பஸ். அவர் படியில் கால் வைத்ததும் வாசலில் நின்ற ஆள் அட்டையைத் திருப்பிப் பார்த்தான். "காண்ட்ராக்டா? இதுல ஏறக்கூடாதுன்னு எத்தினி தடவை சொல்றது? எறங்குங்க." பாதிக்கு மேல் சீட் காலியாக இருந்தது.

இறங்கி வந்து என்னிடம் சிரித்தார். "இது பர்மனென்ட்காரங்க பஸ்ஸு. மறந்து ஏறிட்டேன். நம்மளுது பின்னாடி வருது."

என் ஆட்டோ வந்தது. நீங்க போங்க என்று ஆட்டோக்காரரை அனுப்பிவிட்டேன். "ரயில வுட்டுடுவம்மா" என்றார். பரவாயில்லண்ணா என்றேன். இரண்டு பேரும் நின்றோம். அம்மாவைப் பற்றிக் கேட்டார். டேவிட்டைப் பற்றிக் கேட்டார்.

வெகுநேரம் கழித்து ஒரு பழைய வேன் வந்தது. உள்ளே இடமே இல்லை. ஆண்களும் பெண்களும் ஒருவர் மடியில் ஒருவராக நெருக்கிக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒரு பெண், "நவுருங்கய்யா, பெரியவரு வர்றாரு" என்று குரல் கொடுத்தாள். கைகள் நீண்டு அவர் தோளையும் சட்டையையும் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டன. கதவு சாத்தவில்லை. பாலிஷ் போட்ட ஒரு ஷூ மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, வேன் கிளம்பிப் போனது.